காசு வந்த வழி – 9: மலை ஈன்ற வெள்ளி

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை ஷா ஆலம் சந்தையில் முருங்கைக்கீரை விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், "ஒரு கட்டு மூணு வெள்ளிங்க ஐயா, ரெண்டா எடுத்தா அஞ்சு வெள்ளி அம்பது காசு" என்று விலை சொன்னார். ஆறு வெள்ளி கொடுத்தேன். மீதி ஐம்பது காசை ஐந்து பத்துக் காசுகளாக எண்ணி என் உள்ளங்கையில் வைத்தார். அவற்றுள் ஒன்று தேய்ந்து மங்கிய பழைய நாணயம். 1989-இல் வெளியான வரிசையைச் சேர்ந்தது. மலாய்க்காரர் சோங்காக் என்றும் நாம் பல்லாங்குழி என்றும் சொல்லும் ஆட்டத்தின் பலகை அதன் ஒரு முகத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. செம்பு முக்காற்பங்கும் நிக்கல் காற்பங்கும் கலந்து வார்த்த அந்த வட்டத் தகட்டில் வெள்ளி என்னும் உலோகம் குன்றிமணி அளவும் இல்லை. நான் கொடுத்த நோட்டுகளிலோ உலோகத்தின் வாசனையே கிடையாது. இருந்தும் அந்த அம்மையாரின் வாயிலும், கேட்ட என் செவியிலும், மலேசியத் தமிழர் அனைவருடைய வழக்கிலும் அது வெள்ளிதான். பொருள் மறைந்த பின்னும் பெயர் மட்டும் நின்று சாட்சி சொல்லும் விந்தை இது. அந்தச் சாட்சியத்தைப் பின்பற்றிச் சென்றால் நம்மை அது கொண்டுபோய் நிறுத்தும் இடம் ஒரு பழைய எரிமலையின் அடிவாரம் என்பதைச் சொல்வதற்கே இந்த அத்தியாயம்.

இத்தேசத்துப் பணத்தின் பெயர் ரிங்கிட் என்பது 1975-இல் முறைப்படி நிலைநாட்டப்பட்டதாயினும், மலாய்க்காரரின் நாவில் அச்சொல் அதற்கு வெகு காலம் முன்பே புழங்கிவந்தது. விளிம்பில் பல் பல்லாக வெட்டப்பட்டது என்பது அதன் பொருள். அக்காலத்தில் இங்கேயும் புழங்கியவை ஸ்பானிய அரசரின் வெள்ளி நாணயங்கள். அவற்றை வாங்கிய வியாபாரிகளிற் சிலர், விளிம்பைச் சுரண்டித் துகள் எடுத்துக்கொண்டு குறைந்த நாணயத்தை முழு மதிப்புக்குத் தள்ளிவிடும் வஞ்சகத்தைத் தடுப்பதற்காகவே நாணயச் சாலையார் விளிம்பெங்கும் குறி வெட்டி அனுப்பினார்கள். மலாய்க்காரர் அந்த விளிம்பைக் கண்டு பெயர் வைத்தார்கள். நம்மவர் அதன் உடலைக் கண்டு வெள்ளி என்றார்கள். ஒரே நாணயத்தை இரு ஜனசமூகங்கள் இரண்டு பக்கமாக நின்று பார்த்ததன் அடையாளம், இன்றைக்கும் ஒரே சந்தையில் இரண்டு சொற்களாக ஒலிக்கிறது.

அந்த உடல் எங்கே பிறந்தது? தென்னமெரிக்காவில், இன்றைய பொலிவியா தேசத்தில், ஆண்டீஸ் மலைத்தொடரின் உச்சிப் பிரதேசத்தில், பொட்டோசி என்னும் நகரத்தின் தலைமாட்டில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 4,800 மீட்டர் உயரத்தில் செம்மண் நிறக் கூம்பாக நிற்கிறது செர்ரோ ரீக்கோ. செல்வ மலை என்பது அப்பெயரின் பொருள். 1545-இல் அங்கே வெள்ளி இருப்பது ஸ்பானியருக்குத் தெரியவந்தது. அது வெறும் மலையன்று. ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பூமியின் உள்ளிருந்து பிதுங்கி மேலெழுந்து உறைந்துபோன எரிமலைக் குழம்பின் மேடு என்பது பூகர்ப்ப சாஸ்திரிகளின் முடிவு. குழம்பு ஆறும்போது அதனின்று பிரியும் கொதிநீரும் ஆவியும், கந்தகத்தையும் உலோகங்களையும் கரைத்துச் சுமந்துகொண்டு பாறையின் வெடிப்புகள் வழியே ஏறுகின்றன. ஏற ஏற வெப்பம் தணிகிறது, அழுத்தம் குறைகிறது. சுமையைத் தாங்கமாட்டாத அந்த நீர் வெள்ளியையும் வெள்ளீயத்தையும் வெடிப்பின் சுவர்களில் படியவிட்டுப் போகிறது. ஆண்டுக்கணக்கில் வெந்நீர் காய்ச்சிய பானையின் உட்சுவரில் படிந்திருக்கும் உப்புப் பொருக்கைச் சுரண்டிப் பார்த்தவர்கள், மலையின் வயிற்றில் உலோக ரேகை எப்படி உண்டாயிற்று என்பதை ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம். மெக்சிகோவின் ஸகாடெகாஸ், குவானஹுவாட்டோ முதலிய பெருஞ்சுரங்கங்களும் எரிமலைப் பாறைகளின் ஊடேதான் ஓடுகின்றன.

அந்த வெள்ளியை வெட்டியெடுத்தவர்களின் கதையைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. 1570-களில் ஸ்பானிய ராஜப் பிரதிநிதி டொலேடோ, மீட்டா என்னும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்து, அம்மலைநாட்டின் பூர்வகுடி கிராமங்களிலிருந்து ஆண்மக்களை முறை வைத்துச் சுரங்கத்துக்கு இழுத்தான். இருட்டிலும் குளிரிலும், பின்னர் தாதுவைப் பிரிக்கும் பாதரசத்தின் நஞ்சிலும் மாண்டவர்களின் தொகையை எந்த ஏடும் சரிவர எழுதி வைக்கவில்லை. அவர்கள் சுமந்து மேலேற்றிய வெள்ளி, ஏறத்தாழ 27 கிராம் எடையுள்ள நாணயங்களாக அடிக்கப்பட்டு, மெக்சிகோவின் அக்காபுல்கோ துறைமுகத்திலிருந்து மணிலாவுக்கு 1565 முதல் 1815 வரை இரண்டரை நூற்றாண்டு ஓடிய பெருங்கப்பல்களில் பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து, சீனத்துப் பட்டுக்கும் பீங்கானுக்கும் கைமாறி, மலாக்காவுக்கும் பினாங்குக்கும் கிள்ளான் ஆற்றின் முகத்துவாரத்துக்கும் வந்து சேர்ந்தது. தோட்டக்காட்டில் நம் பாட்டன்மார் கூலியாக வாங்கிய வெள்ளிக்கு முன்னால், அவர்களைப்போலவே பிறர் பொருட்டு உழைத்துத் தேய்ந்த வேறொரு ஜாதியாரின் வியர்வையும் உண்டு.

மலாய்த் தீபகற்பத்துக்கு வெள்ளி வரும் முன்பே வெள்ளீயம் இங்கே பணமாக இருந்தது. ஈயச் சுரங்கம், ஈய லம்பம் என்று நாம் வழக்கில் சொன்னாலும், அது காரீயமன்று, வெள்ளீயமே. அதற்கும் நெருப்பே தாய். தீபகற்பத்தின் முதுகெலும்பாகிய தித்திவாங்சா மலைத்தொடரின் கருங்கல், ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் உருகிய குழம்பாக எழுந்து, வெளியே வாய் திறக்காமல் உள்ளேயே மெல்ல ஆறி இறுகியது. மேலிருந்த பாறைகளை மழை யுகக்கணக்கில் கரைத்துச் சென்ற பின், கருங்கல்லின் ஓரங்களில் படிந்திருந்த ஈயத்தாது மணலோடு மணலாக உதிர்ந்து, கிள்ளான், கோம்பாக் முதலிய ஆறுகளின் படுகைகளில் வந்து தங்கிற்று. பதினைந்தாம் நூற்றாண்டில் மலாக்காவை ஆண்ட சுல்தான் முஸபர் ஷாவின் பெயர் பொறித்த நாணயம் ஈயத்தால் ஆனது. 1511-இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியத் தளபதி அல்புகர்க்கும் தம் அரசரின் பெயரில் ஈயக் காசு அடித்தார். பேராவிலும் சிலாங்கூரிலும் முதலை, ஆமை, மீன் ஆகிய வடிவங்களில் ஈயத்தை வார்த்து அதையே பணமாகக் கொடுத்து வாங்கினார்கள். பகாங்கில் தாம்பாங் என்று தொப்பி போன்ற உருவத்தில் வார்த்தார்கள். முதலை வாலை நீட்டிக்கொண்டு படுத்திருப்பது போன்ற அந்த ஈயக் கட்டியைக் கையில் எடுத்தால், நாணயம் என்பது வட்டமாகத்தான் இருக்கவேண்டும் என்ற எண்ணமே நமக்கு அற்றுப்போகும். அந்த விலங்குருவக் கட்டிகளின் மதிப்பு அவற்றின் எடைதான். அரசனின் முகமோ ஆணையோ அதற்கு வேண்டியிருக்கவில்லை.

கோலாலம்பூர் என்ற நகரமே அந்த ஈயத்தின் பிள்ளை. 1857-இல் கிள்ளானின் ராஜா அப்துல்லா, 87 சீனத் தொழிலாளரை ஆற்று வழியாக மேலே அனுப்பி அம்பாங்கில் ஈயம் தேடச் செய்தார். ஒரு மாதத்துக்குள் குளிர்காய்ச்சல் அவர்களிற் பெரும்பாலோரைக் கொன்றது; மிஞ்சியவர் 18 பேர். அவர்களுக்குப் பின்னும் ஆட்கள் அனுப்பப்பட்டார்கள். அப்படித்தான் இந்த நகரம் எழுந்தது.

எரிமலை இல்லாத தேசம் நம்முடையது என்று தீபகற்பத்து மக்கள் சொல்லிக்கொள்வது வழக்கம். உண்மைதான்; ஆனால் எரிமலையின் சாம்பல் இல்லாத தேசமன்று. மலாக்கா நீரிணைக்கு அப்பால் சுமத்திராவின் வடபகுதியில், 100 கிலோமீட்டர் நீளமும் 30 கிலோமீட்டர் அகலமுமாகக் கிடக்கும் தோபா ஏரி, ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்து அமிழ்ந்த ஒரு மாபெரும் எரிமலையின் வாய். அந்த வெடிப்பின் சாம்பல் பேரா மாநிலத்து லெங்கோங் பள்ளத்தாக்கில் ஆதிமனிதரின் கற்கருவிப் பட்டறையோடு சேர்ந்து கிடக்கிறது. வங்கக் கடலையும் தாண்டிச் சென்று, ஆந்திர தேசத்தின் கர்நூல் பக்கத்தில் ஜ்வாலாபுரம் என்ற கிராமத்தில் வெண்படலமாகப் படிந்திருக்கிறது. சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் மனிதர் செய்த கருவிகள் அங்கே கிடைத்திருக்கின்றன. பெயர் வைத்தவர்கள் எதை எண்ணி ஜ்வாலை என்ற சொல்லை அந்த ஊருக்குச் சூட்டினார்களோ, அது வேறு விஷயம். பொருத்தம் என்னவோ அமைந்துவிட்டது.

தோபா ஏரியிலிருந்து மலைச் சரிவுகளில் மேற்கு நோக்கி இறங்கினால் பாரூஸ் என்னும் பழைய துறைமுகம். கற்பூரத்துக்குப் பேர்போன அந்தப் பட்டினத்தில், லோபு துவா என்ற இடத்தில், 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. நீலகண்ட சாஸ்திரியார் அதைப் படித்து 1932-இல் உலகறியச் செய்தார். முதலாம் குலோத்துங்க சோழனின் காலத்தில், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகப் பெருங்குழுவினர் அங்கே கூடிச் செய்த ஏற்பாட்டை அது கூறுகிறது: துறைக்கு வரும் மரக்கலத் தலைவர்கள், கஸ்தூரியின் விலையை ஒட்டிக் கணக்கிட்ட பொன்னைத் தீர்வையாகச் செலுத்திய பின்பே உள்ளே வரவேண்டும் என்பது அதன் சாரம். ஒரு வாசனைப் பொருளின் விலையை அளவுகோலாக வைத்து, வேறொரு உலோகத்தைச் செலுத்தச் சொல்லும் அந்த விதியில், பணம் என்பது கைப்பொருளிலிருந்து கணக்காக மாறும் காட்சி தெளிவாகத் தெரிகிறது. சுமத்திராவைப் பொன் தீவு என்று நம் முன்னோர் அழைத்தார்களே, அந்தப் பொன்னும் அதே எரிமலை வரிசையின் கொதிநீர் படியவைத்ததுதான். ஆபத்தும் ஐசுவரியமும் ஒரே மலையின் இரு சரிவுகளாக அந்தத் தீவில் இருந்தன. நம் வணிகர் அந்தச் சரிவுகளின் கீழேதான் கடை விரித்தார்கள்.

பணத்தையும் எரிமலையையும் ஒரே காலத்தில், ஒரே ஆள் கையாளவேண்டிய நிலைமை 1815-இல் ஜாவாவில் ஏற்பட்டது. அங்கே லெப்டினன்ட் கவர்னராக இருந்தவர், பின்னால் சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ். அவருக்கு முன் ஆண்ட டச்சு அதிகாரி டேண்டல்ஸ், ப்ரோபோலிங்கோ ஜில்லாவை ஒரு சீனச் செல்வருக்கு விற்று, வரவேண்டிய தவணைகளை ஈடாகக் காட்டிக் காகித நோட்டுகளை வெளியிட்டிருந்தார். ஜனங்கள் அவற்றை நம்பவில்லை, மதிப்பு சரிந்தது. ராஃபிள்ஸ் 1813-இல் சர்க்கார் நிலங்களை ஏலம் விட்டு, அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவேண்டியதாயிற்று. அந்தத் தலைவலி தீர்ந்து இரண்டாண்டு ஆவதற்குள், 1815 ஏப்ரல் 5-ஆம் தேதி மாலை, தூரத்தில் பீரங்கி முழங்குவதுபோல் ஒலி எழுந்தது. யோக்யகர்த்தாவில் எதிரி காவல் நிலையத்தைத் தாக்கிவிட்டான் என்று கருதிப் படையை அணிவகுத்து அனுப்பினார்கள். கரையோரத்தில், ஏதோ கப்பல் ஆபத்தில் இருப்பதாக எண்ணிப் படகுகளைச் செலுத்தினார்கள். மறுநாள் சாம்பல் விழுந்த பிறகே, வெடித்தது மலை என்று புரிந்தது. ஆனால் எந்த மலை என்று தெரியவில்லை. அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கிழக்கே சும்பாவா தீவிலிருந்த தம்போரா. 10-ஆம் தேதி அது முழு உக்கிரத்தோடு வெடித்துப் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. ராஃபிள்ஸ் தம் கீழிருந்த ஜில்லா அதிகாரிகள் அனைவருக்கும் எழுதி, ஒலி கேட்ட நேரம் என்ன, சாம்பல் எவ்வளவு தடிமன், இருள் எத்தனை நாழிகை என்ற விவரங்களைச் சேகரித்தார். ஓவன் பிலிப்ஸ் என்ற அதிகாரியை அரிசிக் கப்பலோடு சும்பாவாவுக்கு அனுப்பினார். ஓர் எரிமலையைப் பலவிடங்களிலிருந்து ஒரே நேரத்தில் கவனித்த சாட்சியங்களைத் தொகுக்கும் முறைக்கு அது ஒரு நல்ல ஆரம்பம் என்பது என் அபிப்பிராயம்.

1883 ஆகஸ்டு 27-ஆம் தேதி கிரகத்தாவ் எரிமலை வெடித்தபோது காலம் மாறியிருந்தது. 4,800 கிலோமீட்டருக்கு அப்பால் இந்து மகா சமுத்திரத்து ரோட்ரிகஸ் தீவில் அந்த ஒலி கேட்டதும், 36,000-க்கு மேற்பட்டோர் பெரும்பாலும் கடலலையால் மாண்டதும் பலரும் அறிந்தவை. எனக்கு அதிகமாக மனத்திற் பதிந்தது வேறொன்று: இன்றைய ஜகார்த்தாவாகிய பத்தாவியாவின் விளக்கு வாயுத் தொழிற்சாலையில் அழுத்தத்தைக் குறித்துக்கொண்டிருந்த ஒரு சாதாரண அளவுகருவி, அந்த வெடிப்புகள் ஒவ்வொன்றையும் நேரத்தோடு கோடிட்டு வைத்திருந்தது. எரிமலையை அளப்பதற்காக யாரும் அதை வைக்கவில்லை. இருந்தாலும் அதன் கோடே விஞ்ஞானிகளுக்குக் கடிகாரமாயிற்று.

இவையெல்லாம் நடந்த பின் எழுதிய கணக்குகள். நடக்கும் முன் கவனிக்கவேண்டும் என்ற புத்தி வந்தது, கிழக்கு ஜாவாவின் கேலுட் மலையால். அதன் உச்சிப் பள்ளத்தில் ஒரு பெரிய ஏரி இருந்தது. 1919 மே மாதத்தில் ஓர் இரவு மலை வெடித்தபோது, ஏரி நீர் முழுவதும் கொதிக்கும் சேறாகிச் சரிவுகளில் பாய்ந்து 5,000-க்கு மேற்பட்டோரைப் புதைத்தது. அந்தச் சேற்றுப் பிரவாகத்துக்கு ஜாவா மக்கள் சொன்ன லஹார் என்ற சொல்லையே இன்று உலகத்து எரிமலை ஆராய்ச்சியாளர் எல்லாரும் வழங்குகிறார்கள். மறுவருஷமே டச்சு அரசு எரிமலைக் காவலுக்கென்று தனி இலாகா ஏற்படுத்தியது. பொறியாளர்கள் கேலுட்டின் பக்கவாட்டில் சுரங்கவழி குடைந்து, 1926-க்குள் ஏரியின் பெரும்பகுதியை வடித்துவிட்டார்கள். 1951-இல் அதே மலை வெடித்தது. முன்போன்ற பெருஞ்சேதம் இல்லை. ஆனால் அந்த வெடிப்பில் பள்ளம் ஆழமாகிச் சுரங்கவழியும் கெட்டுப்போயிற்று. ஏரி மறுபடியும் நிரம்பியது. 1966-இல் லஹார் திரும்பவும் இறங்கி இருநூறுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. காவல் என்பது ஒருமுறை செய்து முடிக்கிற காரியமல்ல என்பதை இதைவிட உறைக்கும்படி எதுவும் சொல்லாது. பின்னர், 1991-இல் பிலிப்பைன்ஸின் பினத்துபோ மலையில், நில அதிர்வையும் கந்தக வாயு நாளுக்கு நாள் பெருகுவதையும் அளந்து வந்த விஞ்ஞானிகள், ஜூன் 15-ஆம் தேதியின் பெருவெடிப்புக்கு முன்பே பல்லாயிரக்கணக்கானோரை ஊர்விட்டு வெளியேற்றிவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத அழுத்தத்தைக் கண்டறியும் கலை அத்தனை தூரம் வளர்ந்திருந்தது.

ஆனால் பணத்தின் உள்ளழுத்தத்தை அறிவதற்கு அத்தகைய கருவி காலனிய ஆட்சியாளர்களிடம் இருந்ததில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1837-இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்களுக்கு இந்திய ரூபாயே சட்டபூர்வமான பணம் என்று உத்தரவிட்டார்கள். சர்க்கார் கணக்குகள் ரூபாய், அணா, பைசாவாக எழுதப்பட்டன. கடைத்தெருவோ ஸ்பானிய, மெக்சிக்க வெள்ளியில்தான் பேசியது. உத்தரவு முப்பது வருஷம் ஏட்டில் இருந்தது. சந்தை அதன் பக்கம் திரும்பவில்லை. கடைசியில், குடியேற்றங்கள் நேரே ராணியின் ஆட்சிக்கு மாறிய 1867-இல், அரசாங்கம் வெள்ளி டாலருக்கே மீண்டது. பிறகு டாலர் போதாமல் போகவே, 1895 முதல் பிரிட்டிஷ் வர்த்தக டாலரைப் பம்பாய், கல்கத்தா நாணயச் சாலைகளில் அடித்துக் கப்பலேற்றினார்கள். ரூபாயை ஏற்காத சந்தை, ரூபாய் அடித்த சாலையிலேயே தனக்கு வேண்டிய வெள்ளியை அடிக்கச் செய்து வாங்கிக்கொண்டது.

அப்போது உலகில் வெள்ளியின் விலையே சரிந்துகொண்டிருந்தது. ஐரோப்பிய தேசங்கள் தங்கத்துக்கு மாறிய பின், 1870-களின் தொடக்கத்தில் 4 ஷில்லிங்குக்கு மேல் விலைபோன டாலர், 1902-இல் 2 ஷில்லிங்குக்கும் கீழே இறங்கிற்று. 1906-இல் அதை 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று கட்டிப்போட்டார்கள். அன்று ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸ். ஆகவே ஒரு வெள்ளிக்கு 1 ரூபாய் 12 அணா. 1927-க்குப் பின் ரூபாயின் மதிப்பை உயர்த்தியதும், அதே வெள்ளிக்கு 1 ரூபாய் 9 அணாவுக்குச் சற்றுக் குறைவாகவே ஊரில் கிடைத்தது. லண்டனில் யாரோ எழுதிய ஒரு வரியால், ரப்பர் பால் எடுத்து மிச்சம் பிடித்து அனுப்பிய மணியார்டரில், ஒவ்வொரு வெள்ளிக்கும் மூன்று அணா தஞ்சாவூர், திருச்சிக் கிராமத்து வீட்டுக்கு வந்துசேராமல் போயிற்று. கங்காணிக்கு மட்டும் ஆள் ஒன்றுக்கு இத்தனை காசு என்று நாள்தோறும் தலைக்காசு நிற்காமல் கிடைத்துவந்தது.

இக்காலத்திலேயே, உலோகமுமின்றி அரசின் முத்திரையுமின்றிப் பணத்தை நடத்திக் காட்டியவர்கள் நம் நாட்டுக்கோட்டை நகரத்தார். கோலாலம்பூரின் லெபோ அம்பாங் வீதி அவர்களின் கிட்டங்கிகளால் நிறைந்திருந்தது. நீண்ட கூடம், ஒவ்வொரு விலாசத்துக்கும், அதாவது நிறுவனத்துக்கும், ஒரு பாய், ஒரு சாய்வு மேசை, ஒரு மரப்பெட்டி. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற வரிசையில் உட்கார்ந்து பேரேடு எழுதினார்கள். மூன்று வருஷக் கணக்கு முடித்து மேலாள் ஊர் திரும்புவார். வேறொருவர் அதே பாயில் வந்தமர்வார். இங்கே கட்டிய தொகைக்கு எழுதிய உண்டியல் காரைக்குடியிலோ ரங்கூனிலோ பணமாயிற்று. தமிழில் நாணயம் என்ற ஒரே சொல் காசுக்கும் நேர்மைக்கும் நிற்கிறதே, அந்த இரட்டைப் பொருளை வாழ்ந்து காட்டிய தொழில் அது. வட்டி கடுமையாக இருந்ததென்ற குறை உண்மையே. கடனில் நிலம் இழந்தவர்களின் கண்ணீரை நான் மறைக்கவில்லை. ஆனாலும் எழுத்துக்குத் தவறாத அந்த ஒழுங்கு இல்லாவிட்டால், வங்கிக் கதவு திறக்காத சின்னத் தோட்டக்காரனுக்கும் கடைக்காரனுக்கும் முதல் கிடைத்திராது. 1937-இல் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார், இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்றிடங்களிலும் ஒரே நாளில் திறந்தபோது, பாயில் அமர்ந்த அந்த மரபுதான் நாற்காலிக்கு மாறியது.

ஐந்தாண்டில் எல்லாம் நிலைகுலைந்தது. 1942 ஜனவரி 11-ஆம் தேதி ஜப்பானியர் கோலாலம்பூருக்குள் நுழைந்தார்கள். அவர்கள் வெளியிட்ட பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் அச்சாகியிருந்ததால், ஜனங்கள் அதை வாழைமர நோட்டு என்றார்கள். முதலில் பழைய வெள்ளிக்குச் சமம் என்றே கட்டளை. ஆரம்பத்தில் அச்சிட்டவற்றில் வரிசை எண் இருந்தது. பிறகு எண்ணும் போய், எழுத்துகள் மட்டும் நின்றன. எத்தனை நோட்டு அச்சாயிற்று என்று எண்ணுவதையே நிறுத்திவிட்ட அரசாங்கம் அது. வரிசை எண் மறைந்த அந்த இடம், என் பார்வையில், கேலுட்டின் ஏரி நிரம்பிய இடம். அரிசியும் துணியும் மருந்தும் விலையில் ஏறின; ஆயிரம் வெள்ளி நோட்டு வந்தது; அதுவும் செல்லாமற்போயிற்று. ஆண்களைச் சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துச் சென்றபின், பால்மரத்துக்கும் பயனில்லாத தோட்டங்களில் பெண்கள் மரவள்ளிக்கிழங்கு நட்டுப் பிள்ளைகளைக் காத்தார்கள். அந்த நாட்களில் உண்மையான மதிப்போடு இருந்தது கழுத்திலும் காதிலும் கிடந்த பொன்தான். நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் வந்து இந்திய விடுதலைப் போருக்காகக் கேட்டபோது, தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் அதையும் கழற்றிக் கொடுத்தார்கள். 1944 ஏப்ரலில் ரங்கூனில் திறந்த ஆசாத் ஹிந்த் வங்கியின் மூலதனத்தில் அப்படிக் கழற்றிய பொன்னும் சேர்ந்தது. வாழைமர நோட்டு மலிந்த காலத்தில், கடனாளிகள் சிலர் போருக்கு முந்திய வெள்ளிக் கடனை அந்தக் காகிதத்தாலேயே அடைத்து, அடமானப் பத்திரத்தை மீட்டுக்கொண்டனர். 1945-இல் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் அந்த நோட்டுகள் அனைத்தும் செல்லாது என்று அறிவித்தது. அவ்வாறு தீர்ந்த கடன்கள் தீர்ந்தவையா, அல்லவா என்ற வழக்கைத் தீர்ப்பதற்கு, நோட்டின் சரிந்துபோன மதிப்பை அட்டவணையிட்டு 1948-இல் ஒரு சட்டமே செய்யவேண்டியிருந்தது.

மலேசியாவின் மத்திய வங்கி 1967 ஜூன் 12-ஆம் தேதி சொந்த நோட்டுகளையும் நாணயங்களையும் வெளியிட்டது. அதற்கு நாலாண்டு முன்னால்தான், ரப்பரும் செம்பனையும் வளர்ந்திருந்த சுங்கை ரெங்கம் தோட்ட நிலத்தில் ஷா ஆலம் என்ற நகரத்துக்குத் திட்டமிட்டிருந்தார்கள். 1971-இல் வங்கியின் நாணயத் தொழிற்சாலை திறக்கப்பட்டது இந்த ஷா ஆலத்தில்தான். பொட்டோசியிலும் மெக்சிகோவிலும், பின்னர் பம்பாயிலும் லண்டனிலும் அடித்துக் கடல் கடந்து வந்துகொண்டிருந்த காசு, அன்று முதல், நம் ஜனங்கள் பால் வெட்டிய மண்ணிலேயே அடிக்கப்பட்டது. கீரைக்கார அம்மையார் என் கையில் வைத்தது அந்த வரலாற்றின் ஒரு துண்டு.

இத்தொடரை வாசிக்கும் கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ், ஷா ஆலம் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியில் வாழைமர நோட்டோ, மணியார்டர் ரசீதோ, நகரத்தார் விலாசம் எழுதிய புரோ நோட்டோ இருந்தால், செல்லாத காகிதம் என்று எரித்துவிடாதீர்கள். அது யாருடையது, எந்தத் தோட்டம், எந்த வருஷம் என்பதைத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒரு தாளில் எழுதி அதனுடன் சேர்த்து வையுங்கள்.